குரோசவாவின் காது

வெனிஸ் திரைப்பட விழாவில் 1951-ல் ‘ரஷோமான்’ தங்கச் சிங்கம் வாங்கியது. 1953-ல் ‘உகெட்சு’வுக்கு வெள்ளிச் சிங்கம். அடுத்த வருடம் வெள்ளிச் சிங்கத்தைப் பகிர்ந்துகொண்ட நான்கு படங்களில் இரண்டு ஜப்பானிலிருந்து வந்தவை: ‘செவன் சாமுராய்’, ‘சான்ஷோ தி பெய்லிஃப்’. ஃபெலினியின் ‘லா ஸ்ட்ராடா’வும் எலியா கஸானின் ‘ஆன் தி வாட்டர்ஃபிரன்ட்’டும் அதே வரிசையில் பக்கத்தில் நின்றன. போரில் தோற்று, இரண்டு அணுகுண்டு வாங்கி, அமெரிக்க ராணுவத்தின் பிடியில் ஏழு வருடம் கிடந்து அப்போதுதான் எழுந்து உட்கார்ந்த ஒரு நாடு, நான்கே வருடத்தில் நான்கு சிங்கங்களை ஓட்டிக்கொண்டு போய்விட்டது.

இவற்றில் இரண்டு அகிரா குரோசவாவுடையவை. மற்ற இரண்டு கென்ஜி மிசோகுச்சியுடையவை. கேமரா வைக்கிற விதத்திலும் கதை சொல்கிற வேகத்திலும் இருவரும் வடக்கும் தெற்கும். ஆனால் நான்கு படங்களின் டைட்டிலிலும் இசை என்ற இடத்தில் ஒரு பெயர் இருக்கிறது. ஃபூமியோ ஹயசாக்கா.

உலக சினிமா பார்க்கிற யாரிடம் வேண்டுமானாலும் குரோசவாவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். நடிகர் மிஃபூனேயின் முறைப்பு, இன்னொரு நடிகர் ஷிமுராவின் கண்கள், சாய்ந்து கொட்டும் மழை, மூன்று கேமரா வைத்து எடுத்த சண்டை என்று மூச்சு விடாமல் பேசுவார்கள். குரோசவா – மிஃபூனே ஜோடிக்குப் பதினாறு படம் என்று கணக்கும் சொல்வார்கள். ஹயசாக்காவின் பெயரைச் சொன்னால் நெற்றி சுருங்கும். இத்தனைக்கும் 1948-லிருந்து 1955 வரை குரோசவா எடுத்த ஒன்பது படங்களில் ஒன்று தவிர எல்லாவற்றுக்கும் இசை அவர்தான். குரோசவாவை உலகம் குரோசவாவாக அறிந்துகொண்ட வருடங்கள் அவை.

அவர் மறந்துபோனதற்கு ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. இயக்குநர் – இசையமைப்பாளர் கூட்டணி என்றால் நாம் எதை வைத்து அளக்கிறோம்? பாட்டை வைத்து. ஸ்ரீதரும் விஸ்வநாதன் – ராமமூர்த்தியும், பாரதிராஜாவும் இளையராஜாவும், மணிரத்னமும் ரஹ்மானும் என்று நாம் சொல்லும்போது மனசுக்குள் ஓடுவது முதலில் மெட்டுதான். காட்சி அதன் பின்னால் வருகிறது. நம் சினிமாவுக்கு அது நியாயமான அளவுகோல். வெளிநாட்டுக்காரர்களும் பெரிய வித்தியாசமில்லை. மொரிக்கோனேயின் விசிலை முனகாமல் செர்ஜியோ லியோனேயைப் பற்றிப் பேசுகிறவர் உண்டா?

இந்தக் கணக்கில் ஹயசாக்காவுக்குப் பாஸ் மார்க்கே தேறாது. குரோசவா படங்களில் நம் நெஞ்சைப் பிசைகிற பல இடங்களில் ஒலிப்பது அவர் போட்ட மெட்டே கிடையாது. ஊரார் மெட்டு. சில இடங்களில் மெட்டே இல்லை. அந்த ஊரார் மெட்டை எங்கே வைப்பது, தன் மெட்டை எங்கே எடுத்துவிடுவது என்று இரண்டு பேர் உட்கார்ந்து முடிவெடுத்தார்கள். அந்தக் கூட்டணியின் மகத்துவம் அந்த முடிவுகளில் இருக்கிறது. கேசட் போட்டு விற்க முடியாத மகத்துவம்.

வடக்கே வளர்ந்தவர்

ஹயசாக்கா 1914-ல் செண்டாய் நகரில் பிறந்தார். சின்னக் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் வடக்கே ஹொக்கைடோ தீவின் சப்போரோவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. இளம் வயதிலேயே குடும்பம் சிதறி, பிழைப்புக்கு வேலை பார்க்க வேண்டிய நிலை. கன்சர்வேட்டரி வாசல் மிதிக்காமல், தானாகவே பியானோவும் ஸ்வர எழுத்தும் படித்தவர். அந்த ஊரில் அவருக்கு வாய்த்த தோழன் அகிரா இஃபுகுபே. இருவரும் இன்னும் சில இளைஞர்களும் சேர்ந்து 1934-ல் புது இசைக்கென்று ஒரு சங்கம் வைத்து, ஐரோப்பாவில் அப்போது மை காயாமல் இருந்த நவீன இசையையெல்லாம் சப்போரோவில் வாசித்துக் காட்டினார்கள். தலைநகரத்து ஆட்கள் தயங்கிக்கொண்டிருந்ததை, கரடிகள் உலவும் பனிப்பிரதேசத்துப் பையன்கள் செய்தார்கள்.

தோழன் பிற்பாடு என்ன ஆனார் என்பது சுவாரசியம். 1954-ல் தோஹோ கம்பெனி இரண்டு பெரிய படங்களை வெளியிட்டது. ஒன்று ‘செவன் சாமுராய்’, இன்னொன்று ‘காட்ஸில்லா’. முதலாவதற்கு இசை ஹயசாக்கா, இரண்டாவதற்கு இஃபுகுபே. ‘காட்ஸில்லா’ மெட்டு இன்றைக்கும் உலகம் முழுக்கக் குழந்தைகளுக்குத் தெரியும். குரோசவாவின் ஒன்பதில் ஹயசாக்கா செய்யாத ஒன்று என்று சொன்னேன் அல்லவா? ‘தி கொயட் டூயல்’. அதற்கு இசை போட்டதும் இதே இஃபுகுபேதான்.

1938-ல் ‘பழங்கால நடனம்’ என்ற ஆர்க்கெஸ்ட்ரா படைப்புக்காக ஹயசாக்கா வைங்கார்ட்னர் பரிசு வாங்கினார். அடுத்த வருடம் டோக்கியோ வந்து தோஹோவில் சேர்ந்தார். ஐரோப்பிய ஆர்க்கெஸ்ட்ராவை வைத்துக்கொண்டு கிழக்கத்திய இசையை எழுதுவது எப்படி என்பது அவரைக் கடைசிவரை விடாத கேள்வி. இதற்கு விடையாக கச்சேரி மேடைக்கென்று எழுதிக்கொண்டேதான் சினிமாவுக்கும் எழுதினார்.

குயில் கூவும் வால்ட்ஸ்

குரோசவாவும் ஹயசாக்காவும் முதலில் சேர்ந்த படம் ‘ட்ரங்கன் ஏஞ்சல்’, 1948. போருக்குப் பிந்தைய டோக்கியோவின் ஒரு சேரி. நடுவில் சாக்கடைக் குட்டை. அதன் கரையில் ஒரு குடிகார டாக்டர். அவரிடம் தோட்டாவை எடுக்க வருகிற இளம் ரவுடிக்குக் காசநோய் இருப்பது தெரிகிறது. டாக்டர் ஷிமுரா, ரவுடி மிஃபூனே. மிஃபூனே குரோசவாவுடன் சேர்ந்த முதல் படமும் இதுதான். ஆக ஒரே படத்தில் இரண்டு கூட்டணிகள் பிறந்தன. ஒன்றுக்குக் கொடி கட்டினார்கள், இன்னொன்றைக் கண்டுகொள்ளவில்லை.

படம் நடந்துகொண்டிருந்த காலத்தில் குரோசவாவின் அப்பா இறந்துபோனார். வேலை நெருக்கடியில் பக்கத்தில் இருக்கக்கூட முடியவில்லை. சேதி வந்த நாளில் தனியாகப் போய்க் குடித்துவிட்டு, டோக்கியோ தெருக் கூட்டத்தில் இலக்கில்லாமல் நடந்திருக்கிறார். எங்கிருந்தோ ஒலிபெருக்கியில் ‘குக்கூ வால்ட்ஸ்’ பாடிக்கொண்டிருந்தது. ஸ்வீடன்காரர் ஒருவர் போட்ட, குயில் கூவுகிற மாதிரி வரும் சின்ன, துள்ளலான மெட்டு. சர்க்கஸிலும் ராட்டினத்திலும் போடுவார்களே, அந்த வகை. அந்தச் சந்தோஷ மெட்டு தன் துக்கத்தை இன்னும் கறுப்பாக்கிவிட்டதாகவும், தாங்க முடியாமல் வேகவேகமாக அந்த இடத்தைவிட்டு நகர்ந்ததாகவும் தன் சுயசரிதையில் எழுதுகிறார்.

படத்தில் ஒரு கட்டம். ஜெயிலிலிருந்து பழைய தாதா திரும்பி வந்துவிட்டான். இத்தனை நாள் பேட்டையை ஆண்ட மிஃபூனேயின் செல்வாக்கு சரிந்துவிட்டது. உடம்பையும் நோய் தின்றுவிட்டது. நேற்றுவரை கும்பிட்ட கடைக்காரர்கள் இன்று முகம் கொடுக்கவில்லை. இனாமாகப் பூ எடுத்துக்கொண்ட கடையில் காசு கேட்கிறார்கள். கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டபடி அந்தக் கடைத்தெருவில் அவன் நடந்து போகிறான். வழக்கமான இசையமைப்பாளரிடம் கொடுத்தால் செல்லோ அழுதிருக்கும். குரோசவா அங்கே ஒலிபெருக்கியில் குக்கூ வால்ட்ஸ் வேண்டும் என்றார். ஹயசாக்கா சிரித்துக்கொண்டே கவுன்டர்பாயின்ட்டா என்று கேட்டார். குரோசவா ஒரு சோவியத் படத்தின் பெயரைச் சொன்னார்: ‘ஸ்னைப்பர்’. காட்சி ஒரு பக்கம் போக, சத்தம் எதிர்ப்பக்கம் போகிற உத்தியை அந்தப் படம் எப்படிக் கையாண்டது என்று இருவரும் முன்பே பேசியிருந்தார்கள். அது முதல் அவர்களுக்குள் அந்தப் பெயரே ஒரு சங்கேதம் ஆனது.

ரீ-ரிக்கார்டிங் அன்று இன்னொன்று நடந்தது. இசைத்தட்டைக் காட்சியோடு ஓடவிட்டார்கள். மிஃபூனே நடந்து முடிக்கிற இடத்தில் கடைசி குக்கூவும் வந்து நின்றது. அளவெடுத்தது போல. இருவரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். யாரும் நீளத்தைக் கணக்குப் போடவில்லை. துக்க நாளில் காதுக்குள் போன மெட்டு, எடிட்டிங் மேஜையில் தன்னை அறியாமல் கையை நடத்தியிருக்க வேண்டும் என்று குரோசவா நினைத்தார்.

அதே படத்தில் ஹயசாக்கா சொந்தமாகப் போட்ட ஒரு மெட்டும் இருக்கிறது. இரவில் சாக்கடைக் குட்டையோரம் ஓர் இளைஞன் கிதார் வாசித்துக்கொண்டிருக்கிறான். ஜெயிலிலிருந்து வந்த தாதா அதை வாங்கித் தன் பாட்டை வாசிக்கிறான். டாக்டர் வீட்டுக்குள் இருக்கிற நர்ஸ், ஒரு காலத்தில் அவனிடம் மாட்டிச் சீரழிந்தவள், அந்த மெட்டைக் கேட்டதும் வெலவெலத்துப் போகிறாள். வில்லனுக்கு அறிமுக வசனம் தேவைப்படவில்லை. கிதார் போதும்.

இந்தப் படத்துக்கு முன்னால் தான் இசையைப் பார்த்த விதமே வேறு என்று குரோசவா ஒப்புக்கொண்டிருக்கிறார். சோகத்துக்குச் சோக இசை, குதூகலத்துக்குக் குதூகல இசை என்ற வழியை விட்டு வெளியே வந்தது ஹயசாக்காவோடு வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான்.

அடுத்த வருடம் ‘ஸ்ட்ரே டாக்’. துப்பாக்கியைப் பறிகொடுத்த இளம் போலீஸ்காரன் மாறுவேடத்தில் கறுப்புச் சந்தையில் அலைகிற காட்சி நிமிடக்கணக்கில் வசனமே இல்லாமல் போகிறது. தெருவில் ஒலிக்கும் சினிமாப் பாட்டுகளே அதற்குப் பின்னணி. கடைசியில் திருடனும் போலீஸும் காலை நேரத்துச் சேற்றில் கட்டிப் புரள்கிறார்கள். பக்கத்து வீட்டில் ஒரு பெண் பியானோ பழகிக்கொண்டிருக்கிறாள். துப்பாக்கிச் சத்தம் கேட்டு நிறுத்துகிறாள். ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறாள். விசேஷமாக ஒன்றும் இல்லை என்று மறுபடி வாசிக்க உட்கார்ந்துவிடுகிறாள். திருடன் பிடிபட்டு மல்லாந்து மூச்சு வாங்கும்போது பள்ளிப் பிள்ளைகள் பட்டாம்பூச்சிப் பாட்டைப் பாடிக்கொண்டு வரப்பில் போகிறார்கள். அதைக் கேட்டு அவன் ஊளையிட்டு அழுகிறான். பியானோ மெட்டும் ஊரார் சொத்து, பிள்ளைகள் பாட்டும் ஊரார் சொத்து. டைட்டிலில் பெயர் போட்டுக்கொண்ட இசையமைப்பாளர் அங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். எத்தனை பேருக்கு இந்த மனசு வரும்?

பொலேரோ வம்பு

‘ரஷோமான்’ எழுதும்போதே, மனைவி தன் தரப்பைச் சொல்லும் பகுதிக்கு ஒரு பொலேரோ தாளம் குரோசவாவின் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாதிரி ஒன்று வேண்டும் என்று கேட்டார். ஹயசாக்கா எழுதினார். ரிக்கார்டிங்கில் முதலில் படமும் இசையும் ஒட்டவில்லை என்று குரோசவாவுக்குக் கலக்கம். தாளம் ஏற ஏற இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு உடம்பு சிலிர்த்துவிட்டதாம். இதற்கு நடுவே கியோட்டோ ஸ்டூடியோவில் தீ விபத்து வேறு. அடுத்தடுத்து இரண்டு முறை. ரிலீஸ் தேதி தலைக்கு மேல் தொங்க, புகைக்கு நடுவில் வேலை முடித்தார்கள்.

வெளிநாட்டு விமர்சகர்கள் பலர் இது ரவெலின் ‘பொலேரோ’வைப் பார்த்து எழுதியது என்று முகம் சுளித்தார்கள். என்னைக் கேட்டால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. இந்தக் கூட்டணியின் மிகப் புகழ்பெற்ற படத்தில் இவர்களுடைய இசை மிகப் பலவீனமாக இருக்கிறது. மனைவியாக நடித்த மச்சிகோ கியோவின் முகத்தில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒன்றை அந்தத் தாளம் அடிக்கோடிட்டுக் காட்டுகிறது, எதிர்ப்பக்கம் போகவில்லை. அதே படத்தில் விறகுவெட்டி காட்டுக்குள் நடந்து போகும் காட்சி எவ்வளவோ மேல். மியாகவாவின் கேமரா இலைகளுக்கு இடையே சூரியனை நேருக்கு நேர் பார்க்க, இசை அவன் காலடிக்குத் தாளம் போட்டபடி நம்மையும் காட்டுக்குள் இழுத்துப் போகிறது. ஹயசாக்காவைப் பற்றி ஏதாவது படித்தால் பொலேரோ பற்றியே படிக்க வேண்டியிருப்பது ஒரு துரதிர்ஷ்டம்.

‘ரஷோமான்’ நம்மூருக்கும் வந்தது. அந்தப் படம் கொடுத்த உந்துதலில் எஸ். பாலசந்தர் ஏவி.எம்.முக்கு எடுத்த ‘அந்த நாள்’, 1954 சித்திரைப் பிறப்பில் வெளியானது. ஜப்பானில் ‘செவன் சாமுராய்’ வந்ததும் அதே ஏப்ரல் மாதம். ஒரு படத்துக்குப் பத்துப் பாட்டு, பதினைந்து பாட்டு என்று இருந்த தமிழ் சினிமாவில் பாட்டே இல்லாமல் ஒரு படம். எடுத்தவர் வீணை வித்வான்! இசை தெரிந்தவருக்குத்தான் இசையை நிறுத்திவைக்கவும் துணிச்சல் வரும் போலிருக்கிறது.

எடுத்துவிட்ட இசை

‘இகிரு’, 1952. ஹயசாக்காவின் பெயரைச் சொல்ல ஒரே ஒரு படம்தான் பார்க்கலாம் என்றால் நான் இதைக் காட்டுவேன்.

நகராட்சி அலுவலகத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தியே தேய்ந்துபோன ஒரு பிரிவுத் தலைவர். வயிற்றில் புற்றுநோய். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்து தெருவில் நடக்கிறார். சத்தமே இல்லை. இசை இல்லை, தெருச்சத்தம்கூட இல்லை. திடீரென்று பேரிரைச்சலோடு லாரிகள் அவரை உரசிக்கொண்டு போகின்றன. அவரைச் சுற்றி ஊர் இயங்கிக்கொண்டிருந்தது அப்போதுதான் நமக்கும் உறைக்கிறது. அதிர்ச்சிக்குச் சிம்பல் தட்டியிருந்தால் வந்திருக்குமா இது?

ஒரு கேளிக்கை விடுதியில் அவர் பியானோக்காரரிடம் ஒரு பழைய பாட்டைக் கேட்கிறார். ‘கொண்டோலா பாட்டு’. ஷின்பேய் நகயாமா 1915-ல் மெட்டுப் போட்டது, ஊருக்கெல்லாம் தெரிந்தது. அவராக நடிக்கும் ஷிமுரா கரகரத்த, தேய்ந்த குரலில் அதைப் பாடத் தொடங்கியதும் ஆடிக்கொண்டிருந்த ஜோடிகள் ஒவ்வொன்றாக நின்றுவிடுகின்றன. கடைசியில், தான் போராடிக் கட்டவைத்த சின்னப் பூங்காவில், பனி விழும் இரவில் ஊஞ்சலில் உட்கார்ந்து அதே பாட்டைப் பாடுகிறார். ‘இகிரு’ என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது இந்த ஊஞ்சல். பாட்டு நகயாமாவுடையது.

நடுவில் ஒரு காபி ஷாப் காட்சி. மிச்சமிருக்கிற நாட்களில் என்ன செய்யலாம் என்பது அவருக்குச் சட்டென்று பிடிபடுகிறது. ஒரு பொம்மை முயலைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கி ஓடுகிறார். அதே நேரம் மாடியில் கூடியிருக்கிற மாணவர்கள், படியேறி வருகிற தங்கள் தோழிக்குப் பிறந்தநாள் வாழ்த்துப் பாடுகிறார்கள். சாகப்போகிற கிழவனுக்கு யாரோ யாருக்கோ பாடிய பிறந்தநாள் பாட்டு. மறுபடியும் ‘ஸ்னைப்பர்’.

முக்கியமான விஷயம் இதற்குப் பிறகு. கதாநாயகன் செத்த பிறகும் படம் முடிவதில்லை. அவர் வீட்டில் கூடிய அலுவலகத்து ஆட்கள் குடித்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். துண்டுதுண்டாகப் பழைய காட்சிகள் வருகின்றன. இந்த நீண்ட பகுதிக்கு ஹயசாக்கா இசை எழுதி, ரிக்கார்ட் செய்து, படத்தோடு சேர்த்தும் ஆகிவிட்டது. போட்டுப் பார்த்தார்கள். குரோசவாவுக்கு ஒட்டவில்லை. எவ்வளவு யோசித்தும் ஒட்டவில்லை. அந்த இசையை எடுத்துவிட முடிவானது. ஹயசாக்கா ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார் என்றும், அவர் மனம் ஒடிந்துபோனது தெரிந்தும் தனக்கு வேறு வழி இருக்கவில்லை என்றும் பல வருடம் கழித்து குரோசவா நினைவுகூர்ந்தார்.

இப்போது படத்தைப் பார்க்கும்போது அந்த முடிவு எவ்வளவு சரி என்பது தெரிகிறது. இசை இருந்திருந்தால் அந்தக் குமாஸ்தாக்களின் அழுகையை நாம் நம்பியிருப்போம். இசை இல்லாததால் அவர்கள் சாராய வேகத்தில் சபதம் எடுப்பதைத் தள்ளி நின்று பார்க்கிறோம். மறுநாள் ஆபீஸில் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகப்போவது முன்பே தெரிந்துவிடுகிறது. இசையை எடுத்தது குரோசவா. ஆனால் காட்சியோடு சேர்ந்து அழாதே என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? நான்கு வருடத்துக்கு முன் கடைத்தெருக் காட்சியைப் பார்த்துச் சிரித்த மனிதர்தான். கொடுத்த பாடம் அவர் மேலேயே திரும்பியது. கோபித்துக்கொண்டு போகாமல் அடுத்த படத்துக்கும் வந்தார்.

கூடைக்குள் போன சாமுராய்

அடுத்த படம் ‘செவன் சாமுராய்’. ஷூட்டிங் கிட்டத்தட்ட ஒரு வருடம் இழுத்தது. மூன்றரை மணி நேரப் படம். ஹயசாக்காவுக்குக் காசநோய் முற்றிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து ஆர்க்கெஸ்ட்ராவுக்கு விரித்து எழுத உடம்பில் தெம்பில்லை. மாணவர் மசாரு சாடோ கைகொடுத்தார். ஆனால் மெட்டுகளை யாரிடமும் விடவில்லை. எழுதி எழுதித் தள்ளினார்.

சாமுராய்களுக்கான மையக் கருத்து மட்டும் அமையவே இல்லை. குரோசவா வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். ஹயசாக்கா பியானோவில் ஒன்று வாசித்தார். வேண்டாம். இன்னொன்று. அதுவும் வேண்டாம். வைத்திருந்ததெல்லாம் தீர்ந்துபோனது. கடைசியில், தானே பிடிக்காமல் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டிருந்த ஒரு தாளை எடுத்து வாசித்தார். அதுதான் வேண்டும் என்றார் குரோசவா. டிரம்பெட்டில் நிமிர்ந்து எழுகிற அந்த மெட்டைப் படம் பார்த்த யாரும் மறந்திருக்க முடியாது. எழுதியவர் காதுக்குப் பிடிக்காதது இயக்குநர் காதுக்குப் பிடித்தது. ‘இகிரு’வில் நடந்ததும் இதுதான், தலைகீழாக.

இந்தப் படத்தில் ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு குரல். சாமுராய்களுக்குப் பித்தளை வாத்தியம். கொள்ளைக்காரர்களுக்கு அடிவயிற்றில் அதிரும் பறைகள். டைட்டிலே அதில்தான் தொடங்குகிறது. மிஃபூனே நடித்த, பாதி விவசாயி பாதி சாமுராயான கிகுச்சியோவுக்கு நக்கலும் தள்ளாட்டமும் கலந்த ஒரு தாளம். விவசாயிகளுக்கு மட்டும் வாத்தியமே இல்லை என்று சொல்லலாம். வார்த்தையில்லாமல் ஆண்கள் அடித்தொண்டையில் முனகுகிற ஒலி. பேச வாயில்லாத ஜனங்களுக்கு அதுதானே பொருந்தும்?

பிறகு அந்தக் கடைசி மழைச் சண்டை. குதிரைக் குளம்பு, மழை, கூச்சல், சேறு, மூச்சிரைப்பு. ஒரு ஸ்வரம் கிடையாது. இவ்வளவு மெட்டுகளை நம் காதில் ஏற்றிவைத்துவிட்டு, எது எப்போது வரும் என்று நாம் காத்திருக்கிற உச்சத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். இன்றைக்கு எடுத்திருந்தால் சண்டை முடிகிறவரை கோரஸ் கத்திக்கொண்டிருக்கும். தியேட்டர் நாற்காலி அதிரும்.

சண்டை முடிந்து, மழை விட்டு, அடுத்த காட்சி நாற்று நடவு. இப்போதுதான் இசை வருகிறது. விவசாயிகள் மேளமும் குழலுமாகப் பாடிக்கொண்டு நடுகிறார்கள். முனகிக்கொண்டிருந்தவர்களுக்குப் பாட்டு கிடைத்துவிட்டது. மிஞ்சிய மூன்று சாமுராய்கள் ஓரமாக நின்று பார்க்கிறார்கள். ஜெயித்தது அவர்கள், நாம் இல்லை என்கிறார் தலைவர். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அந்த நடவுப் பாட்டு அதைச் சொல்லிவிடுகிறது.

இதே வருடங்களில் மிசோகுச்சிக்கு எழுதிய இசையைக் கேட்டால் வேறு ஆள் என்று தோன்றும். ‘உகெட்சு’விலும் நாடகாசிரியர் சிக்கமாட்சுவின் நாடகத்தை வைத்து எடுத்த படத்திலும் கபுகி மேடைக்குப் பின்னாலிருந்து வரும் தட்டொலிகளும் மரபு வாத்தியங்களும்தான் கதையை நடத்துகின்றன. அவர் தேடிய கிழக்கத்திய இசை அங்கேதான் முழுசாகக் கிடைத்தது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அதைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும்.

பயத்தோடு வாழ்ந்தவர்

1954 மார்ச்சில் அமெரிக்கா பிகினி தீவில் ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. அதன் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்து, படகில் இருந்தவர்கள் கதிர்வீச்சில் நோயுற்றார்கள். நாடே நடுங்கியது. படுக்கையில் கிடந்த ஹயசாக்காவைப் பார்க்கப் போன குரோசவாவிடம், உயிருக்கே உத்தரவாதம் இல்லாதபோது மனிதன் எப்படி உட்கார்ந்து வேலை செய்வது என்கிற தொனியில் அவர் பேசினார். நோயாளிக்கு அது வெறும் அரசியல் பேச்சு இல்லை என்பது குரோசவாவுக்குப் புரிந்தது. அந்த உரையாடலிலிருந்து ஒரு படம் முளைத்தது: ‘ஐ லிவ் இன் ஃபியர்’. அணுகுண்டுக்குப் பயந்து குடும்பத்தோடு பிரேசிலுக்குக் குடிபெயர நினைக்கிற கிழவரின் கதை. கிழவராக நடித்தது 35 வயது மிஃபூனே. இசையமைப்பாளரின் வாயிலிருந்து பிறந்த கதைக்கு அவரே இசையும் எழுத ஆரம்பித்தார்.

முடிக்கவில்லை. 1955 அக்டோபர் 15-ம் தேதி ஹயசாக்கா இறந்தார். வயது 41. காசநோயாளியின் கதையில் தொடங்கிய கூட்டணி. ஷூட்டிங் நடந்துகொண்டிருந்தது, குரோசவா வேலை செய்ய முடியாமல் நிறுத்திவிட்டார். திரும்பி வந்த பிறகும் கை ஓடவில்லை, படத்தில் அது தெரிகிறது என்று அவரே சொன்னார். மீதி இசையைச் சாடோ முடித்துக் கொடுத்தார். நவம்பரில் வெளியான படம் ஓடவில்லை.

அதன் பிறகு ‘ரெட் பியர்ட்’ வரை பத்து வருடம் சாடோதான். ‘யோஜிம்போ’வின் குறும்பு இசையை யாரும் குறை சொல்ல முடியாது, சில இடங்களில் குருவைத் தாண்டிய வேகம். ஆனால் குருவுக்கும் குரோசவாவுக்கும் இடையே இருந்தது நான்கு வயது வித்தியாசம். சாடோவுக்கும் குரோசவாவுக்கும் 18 வருடம். பேச்சு சமமாக இருந்திருக்க வாய்ப்பில்லை. போகப் போக குரோசவா, பழைய ஐரோப்பிய இசைத்தட்டுகளைக் காட்சிக்குப் போட்டு ஓட்டி, இதே மாதிரி வேண்டும் என்று கேட்கும் பழக்கத்துக்கு வந்துவிட்டார். ‘ககெமுஷா’ சமயத்தில் இது பொறுக்காமல் சாடோ விலகினார். குக்கூ வால்ட்ஸைக் கேட்டவரும் இதே மனிதர்தான். அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரிக்கவும், ஒத்து வராததை ஒத்து வராது என்று பேசவும் எதிரில் ஒருவர் இருந்தார். எழுபதுகளில் அந்த நாற்காலி காலி.

ஹயசாக்காவிடம் சினிமா இசைக்கு உதவியாளராக இருந்த இன்னொரு இளைஞர், டோரு டகேமிட்சு. இவரும் காசநோயோடு போராடியவர். 1957-ல் ‘ரெக்வியம்’ எழுதி ஹயசாக்காவின் நினைவுக்குச் சமர்ப்பித்தார். இரண்டு வருடம் கழித்து ஜப்பான் வந்த ஸ்ட்ராவின்ஸ்கி தற்செயலாக அதைக் கேட்டுப் பாராட்டியதில்தான் டகேமிட்சுவின் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது.

1985-ல் ‘ரான்’ படத்துக்குக் குரோசவாவும் டகேமிட்சுவும் சேர்ந்தார்கள். மாலரின் சிம்பொனிகள் போல வேண்டும் என்று குரோசவா பிடிவாதம், டகேமிட்சுவுக்கு உடன்பாடில்லை, இருவருக்கும் உரசல் முற்றியது. இருந்தும் அந்தக் கோட்டைச் சண்டை நமக்குக் கிடைத்தது. அம்பு பாய்கிறது, ரத்தம் வழிகிறது, கோட்டை எரிகிறது, ஒரு சத்தம் இல்லை. ஆர்க்கெஸ்ட்ரா மட்டும். ஒரே ஒரு துப்பாக்கிச் சத்தத்தில் இசை அறுந்து, போரின் கூச்சல் மொத்தமும் நம் காதில் வந்து விழுகிறது. ‘செவன் சாமுராய்’ மழைச் சண்டையை அப்படியே திருப்பிப் போட்டது போன்ற காட்சி. அந்த இசையை வாசிக்க லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராதான் வேண்டும் என்று முதலில் நினைத்திருந்த குரோசவா, நடத்துநர் ஹிரோயுகி இவாகியைச் சந்தித்த பிறகு மனம் மாறி அவருடைய குழுவையே வாசிக்க வைத்தார். அது சப்போரோ சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா.